ஒற்றைக் கொம்பனுக்கு, உடுப்புத் தோய்க்கிற நாளில்

பிள்ளையாரே, இண்டைக்குச் செவ்வாய்.
ஓல்டனில், ஆறு வீட்டுக்கு ஒரு மெசின்.
பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எங்கட முறை,
காலமை ஏழிலிருந்து பின்னேரம் ஏழு மட்டும்.
ஏழு அஞ்சுக்கும் திறப்பு என்னட்ட இருந்தால்
மூண்டாம் மாடி சுர்பூகன் அம்மா
ஒண்டும் சொல்லமாட்டா.
அந்த ஒண்டும் சொல்லாமையைத்தான்
என்னால தாங்க ஏலாது.

இப்ப ஆறு இருபது.
முதியோர் இல்லத்துக் குசினி மணத்தோட
இன்னும் பஸ் தரிப்பில நிக்கிறன்.
மத்தியானம் ஓடிவந்து போட்ட கடைசிச் சுற்று
கீழறையில எப்பவோ நிண்டிருக்கும்,
வயிறு முட்ட ஈர உடுப்போட.
திறப்பு என்ர பையில.
இந்த நாட்டில பஸ் பிந்துறதே ஒரு அற்புதம்.
ஆரோ கேட்ட அற்புதத்தை
எனக்கு மாறிக் குடுத்துப்போட்டாய்.
உனக்கு அஞ்சு கை.
மோதகத்தை வைக்கச் சொல்லமாட்டன்,
அவ்வளவு கொடுமைக்காரியில்லை.
மிச்சத்தில ஒண்டால
அந்தப் பஸ்ஸைக் கொஞ்சம் இழுத்து விடு.

கடன் கணக்கு எனக்கு நினைவிருக்கு.
ஜெர்மன் சோதினையில
பக்கத்து மேசைக்காரனின் இருமல் நிண்டதுக்கு ஒண்டு.
பல்லு டொக்டரின்ர பில்லைத்
தவணையாக் கட்ட விட்டதுக்கு ஒண்டு.
அபிஷனா ரயிலில விட்ட மூக்குக்கண்ணாடி
பேர்ன் வரைக்கும் தனியப் போய்த்
தனியத் திரும்பி வந்ததுக்கு ரெண்டு.
எல்லாமா ஏழு தேங்காய்.

ஆனால் இங்கத்தைக் கடைத் தேங்காயை
வந்து பார் ஒருக்கா.
நடுவில வட்டமாக் கோடு கீறித்தான் விக்கிறாங்கள்.
தட்டினால் சொன்ன இடத்தில பிளக்குது.
சிதறுதேங்காய் சிதறவேண்டாமோ?
அதுவும் ஞாயிறு உடைக்க ஏலாது,
இரவு பத்துக்குப் பிறகு ஏலாது,
பன்னிரண்டிலிருந்து ஒண்டு மட்டும் ஊரே அமைதி.
கடன் ஏறுறது என்ர குற்றமில்லை.

பெரிசா ஒண்டும் கேக்கிறேல்லை, கவனிச்சியோ?
கேட்ட காலம் ஒண்டு இருந்தது.
பங்கருக்குள்ள, அண்ணாவின்ர பேரைச் சொல்லிச் சொல்லி.
அந்தக் கணக்கு உனக்கும் எனக்கும் நடுவில
கட்டின மூட்டையாக் கிடக்கு.
இண்டைக்கும் அவிழ்க்கப் போறதில்லை.
ஒன்பது வருசம் உன்னோட கதைக்கேல்லை நான்.
பிறகு ஒரு பனி நாள், வாசலில நிண்டு
திறப்பைத் தேடி விரல் விறைச்ச நேரம்
வாய் தவறிக் கூப்பிட்டிட்டன்.
கோட்டின்ர கிழிஞ்ச உள்ப்பையில இருந்தது.
அதிலயிருந்து
சின்னதுகளுக்கு மட்டும் கதைக்கிறம்.

பஸ் வந்திட்டுது. சரி, எட்டு.

ஆறு ஐம்பத்தாறு.
மெசின் வாயைத் துடைச்சாச்சு,
பஞ்சுத் தூசி தட்டியாச்சு,
கூடைக்குள்ள எல்லாம் இருக்கு,
நீலச் சொக்ஸில ஒண்டைத் தவிர.
ஒற்றைக் கொம்பனே,
ஒற்றைச் சொக்ஸின்ர துக்கம்
உனக்கு விளங்காட்டி
வேற ஆருக்கு விளங்கும்?

ஏழு.
சுர்பூகன் அம்மா கூடையில்லாமல் வந்து நிக்கிறா.
திறப்பை நீட்டினன். வாங்கேல்லை.
போன வருசம் இதே கீழறைச் சீமெந்தில
நான் ஒண்டு உடைச்ச சத்தத்துக்கு ஓடிவந்து,
பேசப் போறா எண்டு நான் நடுங்க,
ஒரு சொட்டை வாங்கிச் சப்பிக்கொண்டு
ஆருக்கு இது எண்டு கேட்டவ.
இண்டைக்குக் குரல் இறங்கியிருக்கு.
மோரிட்ஸ் மூண்டு நாளா வீட்ட வரேல்லையாம்.
அவவின்ர பூனை.
"உங்கட யானையிட்ட
ஒரு சொல்லுச் சொல்ல ஏலுமோ?"

சொல்லிப்போட்டன், பிள்ளையாரே.
ஒன்பதாவது அவவின்ர பேரில.
மண்ணிறக் கழுத்துப்பட்டி, இடக்காது கொஞ்சம் கிழிசல்,
ரயில் பாதைப் பக்கம் தேடு.
உன்ர வாகனம் எலி எண்டதை
அவவுக்கு நான் சொல்லேல்லை.
நீயும் இதை
எலிக்குச் சொல்லாதே.